பந்திக்குப் போகாதவர்கள்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில், இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரப்படும் திருவிருந்து ஆராதனையின்போது, குருவானவர் சபையாரைப் பந்திக்கு அழைத்ததும், பெஞ்சு பெஞ்சாக எழுந்து முன்னே சென்று முழங்காற்படியிடுவார்கள். அப்படி ஒரு பெஞ்சே எழுந்து போகும்போது, கால்களை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டுவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்திருக்கும் ஒருவரையாவது எந்தச் சபையிலும் பார்க்கலாம். திடப்படுத்தல் பெற்று, அதாவது பந்தியில் சேரும் உரிமையோடு சபையில் உறுதிப்படுத்தப்பட்டவர்தான், ஞாயிறு தவறாமல் வருகிறவர்தான். வெளியே வந்ததும் விசாரித்தால், “மனசு சரியில்லய்யா, அந்த நெலமையில எப்படிப் போறது?” என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லை, மகன் குடித்துவிட்டு வந்து சண்டை போட்டான், வாரம் முழுவதும் வேதம் வாசிக்கவில்லை, மாதவிலக்கு என்று காரணங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதே ஞாயிற்றுக்கிழமை, உடன்பிறந்தவனுக்குச் சேரவேண்டிய பூர்வீக நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவரும், சபைத் தேர்தலில் எதிரணிக்காரரைப் பற்றி மொட்டைக் கடிதம் எழுதியவரும் முதல் வரிசையிலேயே போய் முழங்காலிட்டுத் திரும்புவதையும் காணலாம். கூசுகிறவர் ஒதுங்கிக்கொள்கிறார், கூச வேண்டியவர் கூசாமல் போகிறார். தேவசந்நிதியில் நிற்பதற்கான தகுதி எது என்பதில் நாம் எங்கேயோ திசை மாறிவிட்டோம் என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஒதுங்கியிருப்பவரின் அச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அந்த அச்சத்துக்கு வேதாகமத்திலேயே ஆழமான வேர் இருக்கிறது. யூதாவை 52 ஆண்டுகள் ஆண்ட உசியா ராஜா திறமைசாலி. எருசலேமில் கோபுரங்களைக் கட்டினான், வனாந்தரத்தில் துரவுகளை வெட்டினான், வேளாண்மையை விரும்பினான் என்றெல்லாம் இரண்டாம் நாளாகமம் அவனைப் புகழ்கிறது. பலம் கூடியபோது அவன் மனம் மேட்டிமை கொண்டது. ஆசாரியர் மட்டுமே செய்யத்தகும் தூபங்காட்டும் வேலையைத் தானே செய்யத் துணிந்து ஆலயத்துக்குள் நுழைந்தான். அசரியா என்ற ஆசாரியனும் அவனோடு 80 ஆசாரியரும் தடுத்தார்கள். தூபகலசத்தைக் கையில் பிடித்தபடியே ராஜா கோபித்துக்கொண்ட அந்த நேரத்தில் அவன் நெற்றியில் குஷ்டம் தோன்றியது. சாகும் நாள்வரை அவன் ஒரு தனி வீட்டில், கர்த்தருடைய ஆலயத்துக்குப் புறம்பாக்கப்பட்டவனாய் வாழ்ந்தான்.

இந்தக் கதையை அறிந்த பலர், ஏசாயா ஆறாம் அதிகாரத்தின் முதல் வரி அதனோடு இணைந்திருப்பதைக் கவனிப்பதில்லை. “உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில்” என்றுதான் அந்தத் தரிசனம் தொடங்குகிறது. தகுதியில்லாமல் நுழைந்த ராஜா தனி வீட்டில் இறந்துபோன அதே ஆண்டில், ஏசாயா ஆண்டவரை உயரமும் உன்னதமுமான சிங்காசனத்தின்மேல் வீற்றிருக்கக் காண்கிறார். கண்டவுடன் அவர் வாயிலிருந்து வருவது, “ஐயோ! அதமானேன், நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன்” என்ற அலறல். குஷ்டரோகி தன் வாயை மறைத்துக்கொண்டு “தீட்டு, தீட்டு” என்று சத்தமிட வேண்டும் என்று லேவியராகமம் விதித்திருந்ததை நினைவில் வைத்துப் படித்தால், தீர்க்கதரிசி தன்னை அந்த ராஜாவின் இடத்திலேயே நிறுத்திக்கொள்வது விளங்கும். இருவருக்கும் வேறுபாடு அதன் பிறகே வருகிறது. ராஜா தூபகலசத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனான். ஏசாயாவிடமோ, பலிபீடத்திலிருந்து குறட்டால் எடுக்கப்பட்ட நெருப்புத்தழல் வந்து சேர்ந்தது. அவர் போய்ச் சுத்தமாகிவிட்டுத் திரும்பி வரவில்லை. நின்ற இடத்திலேயே அவர் உதடுகள் தொடப்பட்டன. அடுத்த நொடியில், “யாரை நான் அனுப்புவேன்?” என்ற கேள்விக்கு, “இதோ, அடியேனிருக்கிறேன்” என்று பதில் சொல்லும் துணிவு அதே உதடுகளுக்குக் கிடைக்கிறது.

பழைய ஏற்பாட்டின் ஆலய ஒழுங்குகள் முழுவதிலும் இதே அமைப்பைத்தான் நான் காண்கிறேன். ஏழாம் மாதம் பத்தாம் தேதி, ஆண்டுக்கு ஒருமுறை, பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைக்கு உட்புறம் செல்லும் நாளைப் பற்றிய லேவியராகமம் 16ஆம் அதிகாரம், ஆரோனின் இரண்டு குமாரரும் கர்த்தருடைய சந்நிதியில் சேர்ந்து இறந்துபோன செய்தியை நினைவூட்டிவிட்டே தொடங்குகிறது. உள்ளே போகிறவன் தன் அலங்கார உடைகளைக் களைந்து, குளித்து, வெறும் சணல்நூல் உடையை உடுத்த வேண்டும். ஜனங்களுக்காகப் பலியிடுவதற்கு முன் தனக்காக ஒரு காளையைப் பலியிட வேண்டும். தூபப் புகை, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்தை மறைத்தால்தான் அவன் சாகாமல் திரும்புவான். இஸ்ரவேலிலேயே மிகுந்த தகுதியுடையவன் என்று ஒதுக்கப்பட்ட ஒருவனுக்கே இந்த நிலை. சகரியாவின் தரிசனத்தில் யோசுவா என்னும் பிரதான ஆசாரியன் அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான். குற்றம் சாட்டுவதற்குச் சாத்தான் வலதுபக்கத்தில் நிற்கிறான். யோசுவா ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. குற்றஞ்சாட்டுகிறவன் கடிந்துகொள்ளப்படுகிறான், அழுக்கு உடை களையப்பட்டுப் புது உடை உடுத்தப்படுகிறது. இயேசு மரித்தபோது தேவாலயத்தின் திரைச்சீலை மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் இரண்டாகக் கிழிந்தது என்று மாற்கு எழுதும்போதும், அவருடைய இரத்தத்தினாலே பரிசுத்த ஸ்தலத்தில் பிரவேசிக்க நமக்குத் தைரியம் உண்டு என்று எபிரெயர் நிருபம் சொல்லும்போதும், இந்த நீண்ட வரலாறு முழுவதும் பின்னால் நிற்கிறது. இத்தனை முன்கதையைச் சொல்லாமல் “திரை கிழிந்தது, யாரும் வரலாம்” என்று மட்டும் பிரசங்கிக்கும்போது, அந்தத் தைரியம் மலிவாகிப்போகிறது என்பது என் கருத்து.

ஆனால் தேவசந்நிதியில் நிற்கத் தகுதி எது என்ற கேள்விக்கு வேதாகமத்தில் இன்னொரு விதமான பதிலும் உண்டு; நாம் சங்கடப்படுவது அதைக் கண்டுதான். சில காலம் திடப்படுத்தல் வகுப்புகளில் உதவி செய்துவந்தேன். ஒருமுறை ஒரு மாணவி, “எந்தெந்தப் பாவம் செஞ்சா பந்திக்குப் போகக் கூடாது? போர்டுல எழுதிப் போடுங்க, நோட்டுல எழுதிக்கிறோம்” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு எல்லாமே குறிப்புகளாக வேண்டும். பட்டியல் எழுதிப்போடுவதற்குப் பதிலாக, எல்லாரையும் 15ஆம் சங்கீதத்தைத் திறக்கச் சொன்னேன். “கர்த்தாவே, யார் உம்முடைய கூடாரத்தில் தங்குவான்?” என்று அது நேரடியாகவே கேட்கிறது. பதிலாக அது அடுக்கும் நிபந்தனைகளைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாசித்தார்கள்: உத்தமனாய் நடப்பது, மனதார உண்மை பேசுவது, நாவினால் புறங்கூறாதிருப்பது, அயலானுக்குத் தீங்கு செய்யாதிருப்பது, ஆணையிட்டதில் நஷ்டம் வந்தாலும் தவறாதிருப்பது, பணத்தை வட்டிக்குக் கொடாதிருப்பது, குற்றமில்லாதவனுக்கு எதிராகப் பரிதானம் (லஞ்சம்) வாங்காதிருப்பது. உபவாசம் இல்லை. பலி இல்லை. எத்தனை முறை ஜெபிக்க வேண்டும் என்பது இல்லை. வட்டி வந்த இடத்தில் ஒரு பையன், “அப்போ எங்க தெருவுல பாதிப் பேரு போக முடியாதே” என்றான். தென்மாவட்டத்துப் பிள்ளை அவன். 2003இல் கந்துவட்டிக்கென்று தனிச் சட்டம் போட வேண்டிவந்த மாநிலத்தில் வளர்பவன். அவனுக்கு அந்த வசனம் எங்கோ பழைய இஸ்ரவேலில் நடந்த விஷயமாகத் தெரியாததில் வியப்பில்லை.

திருச்சபையின் வரலாற்றைப் பார்த்தால், அயலானிடம் நடந்துகொள்ளும் விதத்தையே தகுதியாகக் கேட்கும் இந்த இரண்டாவது பதில் மெல்லப் பின்னுக்குத் தள்ளப்பட்டு, தகுதி என்பது தனிமனிதனின் உள்மனத் தூய்மை என்ற ஒன்றாகவே சுருங்கியது தெரிகிறது. 1215இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, விசுவாசிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவ அறிக்கை செய்து, பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தில் நற்கருணை, அதாவது திருவிருந்து, வாங்க வேண்டும் என்று விதித்தது. ஒருமுறையாவது என்று கட்டாயப்படுத்த வேண்டியிருந்த அளவுக்கு மக்கள் விலகியிருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் யான்செனியர் என்ற கண்டிப்பான கத்தோலிக்கக் குழுவினர், மிகுந்த மனஸ்தாபமும் நீண்ட ஆயத்தமும் இல்லாமல் நற்கருணையை நெருங்கக் கூடாது என்று கண்டிப்பாகப் போதித்தார்கள். இந்த மனப்போக்கைக் கத்தோலிக்கத் திருச்சபையில் முறையாகத் திருத்தியது 1905ஆம் ஆண்டு டிசம்பரில் பத்தாம் பயஸ் பாப்பரசரின் காலத்தில் வெளியான ஆணை; சாவான பாவம் எனப்படும் பெரும்பாவம் இல்லாமலும் நேர்மையான நோக்கத்தோடும் வருகிறவரை அடிக்கடி, தினந்தோறும்கூட, நற்கருணை வாங்கவிடலாம் என்று அது சொன்னது. ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டேரியன் சபைகளில் வேறொரு முறை இருந்தது. மூப்பர்கள் வீடு வீடாகச் சென்று சபையாரின் நடத்தையையும் வேத அறிவையும் விசாரித்து, தகுதியுள்ளவர் என்று கண்டவருக்கு ஈயத்தில் வார்த்த சிறு வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள். பந்தியில் அதைத் திருப்பிக் கொடுத்தவருக்குத்தான் இடம். “தன்னைத்தானே சோதித்தறியக்கடவன்” என்ற பவுலின் வரி அந்த வில்லைகள் பலவற்றில் பொறிக்கப்பட்டிருந்தது. தன்னைத்தானே சோதிக்கச் சொன்ன வசனத்தைப் பொறித்துவிட்டு, சோதிக்கும் வேலையை மூப்பர்கள் எடுத்துக்கொண்டார்கள்! அங்கும் வடபகுதி மலைநாட்டில், ஆயுள் முழுவதும் ஆராதனைக்கு வந்தும் ஒருமுறைகூடப் பந்தியில் அமராத பக்தர்கள் ஏராளமாக இருந்தார்கள்.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் இந்தப் பயத்தை உள்ளிருந்து அறிந்தவர். 1507ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி எர்ஃபூர்ட்டில் தம் முதல் திருப்பலியை நிறைவேற்றியபோது, சர்வவல்லவரை நேராக விளித்துப் பேச நான் யார் என்ற நடுக்கத்தில் பீடத்தைவிட்டு ஓடிவிடும் நிலைக்கு வந்ததாக அவரே பிற்காலத்தில் சொன்னார். அதே மனிதர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் நூலில், இந்தச் சாக்கிரமெந்தை, அதாவது திருவிருந்தை, பெறத் தகுதியுள்ளவர் யார் என்ற கேள்விக்கு விடை எழுதுகிறார். உபவாசமும் உடல்சார்ந்த ஆயத்தமும் நல்ல ஒழுங்குதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பாவமன்னிப்புக்காக “உங்களுக்காக” கொடுக்கப்பட்டது, சிந்தப்பட்டது என்ற வார்த்தைகளை நம்புகிறவனே உண்மையில் தகுதியுள்ளவன் என்கிறார். பந்திக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை இதுதான் என்று நினைக்கிறேன். மனம் சரியான பிறகுதான் போவேன் என்பது, அழுக்குப் போன பிறகுதான் ஆற்றில் இறங்குவேன் என்பதைப் போன்றது.

பெண்கள் சொல்லும் அந்த இன்னொரு காரணத்தையும் இங்கேயே பேசிவிடலாம். ஏனென்றால் அதைப் பிரசங்கபீடத்தில் யாரும் பேசுவதில்லை. மாதவிலக்கான பெண் நற்கருணை வாங்கலாமா என்பது புதிய கேள்வியல்ல. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேராயர் தியோனீசியு கூடாது என்றார். ஆனால் இங்கிலாந்துக்கு மிஷனரியாக அனுப்பப்பட்ட அகுஸ்தீனின் கேள்விகளுக்கு முதலாம் கிரகோரி பாப்பரசர் எழுதியதாக, பேதா என்ற ஆங்கிலேயத் துறவி தம் வரலாற்று நூலில் தரும் பதில், அவளைத் தடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பயபக்தியினால் அவளாகவே விலகியிருந்தால் அதை மெச்சலாம், வாங்கினால் அவளைக் குற்றப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். 12 ஆண்டுகள் உதிரப்போக்கோடு இருந்த பெண் கூட்டத்துக்குள் வந்து ஆண்டவரின் உடையைத் தொட்டதையே அந்தப் பதில் ஆதாரமாகக் காட்டுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் தீர்ந்துபோன ஒரு சந்தேகத்தை நம் வீட்டுப் பெண்கள் இன்னும் யாரிடமும் கேட்க முடியாமல் சுமக்கிறார்கள் என்பது சபைக்குப் பெருமையல்ல.

இனி, எல்லாரையும் அச்சுறுத்திய அந்த வேதபகுதிக்கு வருவோம். அபாத்திரமாய் (தகுதியற்ற விதமாய்) புசித்துப் பானம்பண்ணுகிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பு வரும்படி புசிக்கிறான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை ஏறக்குறைய எல்லாத் திருவிருந்து ஆராதனையிலும் கேட்கிறோம். ஆனால் அதற்குச் சற்று முன்னால் அவர் எழுதியதை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஏறத்தாழ கி.பி. 54-55இல் அந்த நிருபத்தை எழுதியபோது கொரிந்துவில் கோயில் கட்டடம் எதுவும் கிடையாது. வசதியான ஒரு விசுவாசியின் வீட்டில் கூடினார்கள். ரோமானிய வீட்டின் உணவறையில் மூன்று சாய்விருக்கைகளில் ஒன்பது பேர்தான் சாய்ந்து உண்ண முடியும். மற்றவர்கள் வெளி முற்றத்தில் இருந்திருப்பார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஓய்வுள்ள பணக்காரர்கள் முன்னதாகவே வந்து தங்கள் உணவைத் தின்று குடித்து முடித்துவிட, வேலை முடித்துப் பிந்தி வந்த அடிமைகளுக்கும் கூலியாட்களுக்கும் எதுவும் மிஞ்சுவதில்லை. “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்” என்று கொதிக்கிற பவுல், “இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?” என்று கேட்கிறார். அபாத்திரமாய்ப் புசிப்பது என்று அவர் குறிப்பிடும் குற்றம் இங்கே கண்முன் இருக்கிறது. வாரம் முழுவதும் ஜெபிக்காததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவனைக் கிறிஸ்துவின் சரீரமாகிய சபையின் ஓர் அவயவமாக மதிக்காமல் தின்பதைப் பற்றிச் சொல்கிறார். அதற்கு அவர் சொல்லும் பரிகாரமும் வியப்பூட்டும் அளவுக்கு எளியது: “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.” தன்னைச் சோதித்தறிந்து விலகியிருக்கக்கடவன் என்றும் அவர் எழுதவில்லை, சோதித்தறிந்து, புசித்துப் பானம்பண்ணக்கடவன் என்றே எழுதினார்.

இப்படிப் படித்தால், அந்த வசனம் பின்பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருப்பவரைவிட முன்வரிசையில் தயக்கமின்றிப் போகிறவரையே அதிகம் துளைக்கிறது. தமிழ்நாட்டுத் திருச்சபை இதை வேறெந்தச் சபையையும்விடக் கூர்மையாக உணர்ந்திருக்க வேண்டும். தரங்கம்பாடி, தஞ்சாவூர்ச் சபைகளில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் வேரூன்றியிருந்தது. பந்தியில் யார் முன்னால், யார் பின்னால் என்பதும் சாதியால் முடிவாயிற்று. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை உடனடியாகவும் முழுமையாகவும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதற்குக் கட்டுப்படுவதைவிடச் சபையைவிட்டு விலகுவதே மேல் என்று முடிவெடுத்தார்கள். அவர்களில் ஜெபமும் உபவாசமும் தவறாதவர்கள், வேதத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் நிச்சயமாக இருந்திருப்பார்கள். தங்களைச் சோதித்தறிந்தும் இருப்பார்கள். சோதிக்க வேண்டிய இடத்தில் சோதிக்கவில்லை, அவ்வளவுதான். இன்றும் தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் இருக்கின்றன என்பதால், இதை முடிந்துபோன கதையாக என்னால் எழுத முடியவில்லை.

அப்படியானால் யாரையும் தடுக்கவே கூடாதா என்று கேட்கலாம். கலியாண வஸ்திரம் இல்லாமல் விருந்துக்கு வந்தவனை வெளியே தள்ளிய உவமையைச் சொன்னவரும் அதே இயேசுதான். கி.பி. 390இல் தெசலோனிக்கேயில் ஆயிரக்கணக்கானோரைப் பேரரசின் படை கொன்று குவித்த படுகொலைக்குப் பிறகு, மிலான் பேராயர் அம்புரோசு, பேரரசன் தியோடோசியுவுக்குப் பகிரங்க மனஸ்தாபம் செய்யும்வரை நற்கருணை தர மறுத்தார். தடுக்கும் அதிகாரம் நியாயமாகப் பயன்பட்ட தருணம் அது என்று நான் கருதுகிறேன். ஏனென்றால் அங்கே மறிக்கப்பட்டது பலவீனனின் கூச்சமல்ல, பலவானின் கொடுமை. நம் சபைகளிலோ ஒழுங்கு நடவடிக்கை என்று ஒன்று வந்தால், அது காதல் கலியாணம் செய்துகொண்ட பிள்ளையின் பெற்றோர்மேல் வருமே தவிர, சபைச் சொத்தை விழுங்கியவர்மேல் வந்து நான் கண்டதில்லை.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் தனக்கென அமைத்துக்கொண்ட திருவிருந்து ஒழுங்கில் இரண்டு பதில்களையும் அருகருகே வைத்திருக்கிறது. எங்கள் சொந்த நீதியை நம்பி உம் பந்திக்கு வரத் துணியவில்லை, பந்தியின்கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்ற கருத்துடைய பழைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபம் அதில் இருக்கிறது. 1548இல் எழுதப்பட்ட அந்த ஜெபம், மேசையின்கீழ் விழும் துணிக்கைகளை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்று இயேசுவிடம் சொன்ன சீரோபேனிக்கியப் பெண்ணின் பதிலை நமக்குக் கடனாகத் தருகிறது. அதற்கும் முன்னதாக, காணிக்கை படைப்பதற்குச் சற்று முன், சமாதானம் கொடுக்கும் சடங்கு இருக்கிறது. குருவானவரிடமிருந்து தொடங்கி, குவித்த கைகளை மற்றவரின் கைகள் பொதிந்துகொள்ள, ஆள் ஆளாக அது சபை முழுவதும் பரவும். சீரியக் கிறிஸ்தவர்களின் மரபிலிருந்து எடுக்கப்பட்ட இந்த வழக்கத்தை மேலைநாட்டுச் சபைகள் பலவும் பிற்பாடு கவனித்து, தங்கள் வழிபாட்டிலும் சேர்த்துக்கொண்டன. அது அந்த இடத்தில் இருப்பதற்குக் காரணம் மலைப்பிரசங்கம்: காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூருவாயாகில், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே சொல்லப்படவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்றே சொல்லப்படுகிறது. நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டவருக்குத் தம்பிமேல் எந்தக் குறையும் இல்லைதான்.

இன்று அந்தச் சமாதானம், பக்கத்தில் நிற்பவருக்குக் கும்பிட்டுவிட்டு உட்காரும் அரை நிமிட வேலையாகிவிட்டது. பக்கத்தில் நிற்பவரோ பெரும்பாலும் சொந்த வீட்டாராக இருப்பார். முன்பெல்லாம் திருவிருந்துக்கு முந்தின நாள் மாலையில் ஆயத்த ஆராதனை ஒன்று தனியாக நடக்கும். பல இடங்களில் ஆள் வராததால் அது நின்றுபோய்விட்டது. அதை மீண்டும் தொடங்க வேண்டும் என்று குருவானவர்களிடம் நான் கேட்பது வழக்கம். அதில் பத்துக் கற்பனைகளோடு 15ஆம் சங்கீதத்தையும், கொரிந்தியர் பகுதியை 17ஆம் வசனத்திலிருந்தே தொடங்கியும் வாசித்தால் போதும், பிரசங்கம்கூட வேண்டாம். மருமகளோடு பேச்சில்லாத அந்த அம்மாவும் வரட்டும், தம்பியின் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட அண்ணனும் வரட்டும். சனிக்கிழமை மாலையில் நடத்துவதில் ஒரு வசதி இருக்கிறது: ஞாயிறு காலை மணி அடிப்பதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டிய வீடு ஒன்று இருந்தால், அதற்குப் போதிய நேரம் கிடைக்கும்.